ஓடும் தீ, உட்காரும் தீ

கார்த்திகையில் மழை வெறித்திருந்த ஒரு காலை, சாயல்குடிப் பக்கம் சித்தப்பாவின் கரிமூட்டக் களத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கையில் நகை ஆசாரி வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு லென்ஸ். மூக்குக்கு நேர் கீழே கறுத்த மண். கரி பொறுக்க வந்திருந்த ஒரு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மோதிரத்தத் தொலைச்சுட்டீகளா?" என்றார்.

"இல்லக்கா. பாசி தேடுறேன்."

"பாசியா? கடல் அங்கிட்டுல்ல கிடக்கு!"

மற்ற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இளவயதில் ஏர்வாடிப் பக்கம் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுத்தவர் அவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்தவருக்குப் பாசி என்றால் அதுதான். ஊருக்குள் கேட்டால் ஊருணியில் மிதப்பதும் பாசி, கிணற்றுப் படியில் ஆளை வழுக்கிவிடுவதும் பாசி, கழுத்தில் போடும் மணியும் பாசி. நான் தேடியது கிணற்றுப் படிப் பாசிக்குப் பங்காளி. ஆங்கிலத்தில் மாஸ் என்பார்கள். வேர் கிடையாது, பூ கிடையாது, ஆனால் குட்டியாகத் தண்டும் இலையும் உண்டு. எரிந்த தரைக்கு அது முதல் ஆளாக வந்துவிடும் என்பதை ஸ்காட்லாந்தில் பார்த்திருந்தேன். நம் மூட்டத் தரைக்கும் வருமா என்று பார்க்கத்தான் அந்தக் குப்புறப் படுக்கை.

மூட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேல மரத்தை வெட்டித் துண்டுபோட்டு, காய்ந்ததும் இடைவெளி தெரியாமல் வட்டமாக அடுக்குவார்கள். மேலே வைக்கோலோ தழையோ போட்டு, அதன் மேல் ஈர மண்ணைப் பூசி மூடிவிட்டு, ஒரு வாய் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். உள்ளே மரம் எரியக் கூடாது, வேக வேண்டும். காற்று கூடினால் கரி சாம்பலாகிவிடும். குறைந்தால் தீ செத்துப்போய்ப் பாதி வெந்த கட்டைதான் மிஞ்சும். முதலில் வருவது வெள்ளைப் புகை, மரத்தின் ஈரம். அது மெலிந்து நீலமாக மாறினால் அந்த இடம் வெந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துளையை அடைத்துவிட்டு வேறொன்றைத் திறக்க வேண்டும். மூட்டத்தின் அளவைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். உள்ளே 400, 500 டிகிரி செல்சியஸ் சூடு. சித்தப்பா ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு அதையே சுற்றி வருவார். சித்தி பிரசவத்துக்குக்கூட அவர் இப்படி நடக்கவில்லை என்று பாட்டி சொல்வார்.

மூட்டத்தைப் பிரித்து, தூர்க்கரி தனி, குச்சிக்கரி தனி, தூள் தனி என்று சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிய பிறகு மிஞ்சுவது வட்டமான ஒரு தரை. சில இடம் செங்கல்போலச் சிவந்திருக்கும், சில இடம் மைபோலக் கறுத்திருக்கும், ஓரத்தில் சாம்பல் பூத்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இரண்டு வருடம் இருந்தேன். கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை. சில வாரம் கடலில், சில வாரம் கரையில். கரையில் இருக்கும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது, நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள் கூட வேலை பார்த்தவர் கெய்ர்ன் ஓ மவுண்ட் கணவாய்ச் சாலையில் காரில் கூட்டிப்போனார். மரமே இல்லாத மேட்டு நிலம். கண்ணுக்கெட்டிய மட்டும் முழங்கால் உயரப் புதர். ஹெதர் என்று பெயர். ஆகஸ்டில் சரிவு முழுக்க ஊதாவாகப் பூத்துவிடும். இந்த மாதிரிப் புதர் நிலத்தை ஹீத் என்கிறார்கள், மேட்டுப் பகுதியில் மூர் என்கிறார்கள். எனக்கு உடனே நம் பொட்டல்காடுதான் ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்த பொட்டல்காடு.

சரிவில் அங்கங்கே ஒட்டுப்போட்ட துணிமாதிரி பட்டை பட்டையாக நிறம் மாறியிருந்தது. எல்லாம் வேண்டுமென்றே எரித்த இடங்கள். கிரவுஸ் என்ற காட்டுக்கோழி இனம் அந்த நிலத்தில் வாழ்கிறது. அது தின்பது ஹெதரின் இளந்தளிர், ஒளிவது முற்றிய புதரில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் சின்னச் சின்னப் பட்டையாக, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை எரிக்கிறார்கள். எல்லாம் பிற்பாடு துப்பாக்கியால் சுடுவதற்குத்தான். பணக்காரர்கள் சுடுவதற்காக ஒரு மலையையே இப்படிப் பராமரிப்பது சரியா என்று அந்த நாட்டிலேயே பெரிய சண்டை நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

அந்த நண்பரின் மாமனார் முன்பு கேம்கீப்பராக இருந்தவர். கோழிக்குக் காவல், நிலத்துக்குத் தீ, இரண்டும் அவர் பொறுப்பு. போன வசந்தத்தில் எரித்த ஒரு பட்டைக்குக் கூட்டிப்போய், கருகிய குச்சிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தரையைக் கிளறிக் காட்டினார். மேலே கரி. அடியில் பழைய பாசி நுனி மட்டும் பொசுங்கி, கீழ்ப்பாகம் பழுப்பும் பச்சையுமாக அப்படியே இருந்தது. நல்ல தீ நிற்காமல் ஓட வேண்டும், நின்றுவிட்டால் கெட்ட தீ என்பது அவர் கணக்கு. ஈரம் காயாத காலத்தில், காற்று அளவாக இருக்கும் நாளில் வைக்கிற தீ புதரின் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும். அந்த நேரம் புதருக்குள் 500 டிகிரிக்கு மேல்கூடப் போகும். ஆனால் மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே அப்படி ஒரு தீ போனதே பெரிதாகத் தெரியாது. ஈரப் பாசிதான் அங்கே மண்ணுக்குப் போர்வை.

அப்படி ஓடிப்போன தீக்குப் பிறகு புதிதாக யாரும் வரத் தேவையில்லை. ஹெதர் அதிகம் முற்றியிருக்காவிட்டால் அடித்தண்டிலிருந்தே துளிர்த்துவிடும். பாலிட்ரைக்கம் என்று ஒரு பாசி இருக்கிறது. குட்டி ஊசியிலை மரம்போல நிமிர்ந்து நிற்கும். அதன் கிடைத்தண்டு மண்ணுக்குள் ஓடுவதால் மேலே கருகினாலும் கீழேயிருந்து முளைத்து வந்துவிடும். வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்து கதவைத் திறக்கிற மாதிரி.

தீ நின்றுவிட்டால் கதையே வேறு. அந்த நிலத்தில் பல இடங்களில் அடியில் இருப்பது மண்ணில்லை, பீட். தண்ணீர் தேங்கிய குளிர் நிலத்தில் செடிகள் முழுசாக மட்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்த கறுப்புப் படிவம் அது. காய்ந்துவிட்டால் அதுவே எரிபொருள். அந்த ஊர் ஆட்கள் வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்திருக்கிறார்கள். கோடை வறட்சியில் தீ பீட்டுக்குள் இறங்கினால் ஜுவாலை தெரியாது, கனன்றுகொண்டே போகும். 2018 ஜூனில் மான்செஸ்டர் பக்கம் சேடில்வொர்த் மூரில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து டிவியில் அதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மண்ணுக்கு அடியில் காற்றுப் போதாமல் நாள்கணக்கில் வேகிற தீயை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அது ஒரு பெரிய மூட்டம். சுற்றிவந்து துளையை அடைக்க ஒரு சித்தப்பாதான் அங்கே இல்லை.

உட்கார்ந்த தீ வேரையும் கிடைத்தண்டையும் மண்ணிலிருக்கும் விதையையும் சேர்த்துத் தின்றுவிடும். ஹெதர் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கக்கூடியது. அந்தச் சேமிப்பும் போய்விடும். 1976 வறட்சியில் இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் பகுதியில் இப்படித்தான் பீட்டோடு சேர்ந்து எரிந்தது. பல வருடம் கழித்தும் கடுமையாக எரிந்த இடங்களில் பாசிகளின் ராஜ்யமாகத்தான் இருந்தது, ஹெதர் திரும்பவில்லை. மூரில் நடக்கும்போது எரிந்த ஒரு இடத்தில் எந்தப் பாசி நிற்கிறது என்று பார்த்தாலே அங்கே ஓடியது எந்தத் தீ என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

உட்கார்ந்த தீக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள், காற்றில் வருகிறவர்கள். முதலில் ஃப்யூனேரியா. கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் ரெக்கார்டு நோட்டில் இதை வரைந்திருப்பார்கள். என் அக்காவின் நோட்டில் அந்தப் பேரிக்காய் வடிவ வித்துப்பையை மூன்று தடவை அழித்து வரைந்த தடம் இன்னும் இருக்கிறது. உலகம் பூராவும் எங்கே கும்பலாகக் குச்சியைப் போட்டு எரித்தாலும் அந்தச் சாம்பலைத் தேடி வந்துவிடுகிற பாசி இது. சாம்பலில் பாஸ்பரஸ், பொட்டாஷ், சுண்ணாம்பு எல்லாம் இருக்கிறது, மண்ணின் புளிப்பும் குறைந்திருக்கிறது, போட்டிக்கு ஒரு செடி கிடையாது. இதைவிட வேறென்ன வேண்டும்? அதன் வித்துகளை (விதை இல்லை, ஸ்போர் என்பார்களே, அது) வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டரில் 50, 60 வைக்கலாம். அவ்வளவு பொடி. காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கிற தூசியில் அதுவும் ஒன்று. ஈரத்தில் விழுந்தால் வித்து நேராகச் செடியாகிவிடாது. முதலில் பச்சை நூலாகக் கிளைவிட்டு மண் மேல் படரும். அந்த நூல்களில் அரும்பு கட்டித்தான் செடி எழும்பும்.

அதன் வித்துப்பை நிற்கும் காம்பு ஒரு முறுக்கின கயிறு. காற்றில் ஈரம் ஏறினால் ஒரு பக்கமாகவும் இறங்கினால் மறுபக்கமாகவும் திருகும். ஃப்யூனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்ற முழுப் பெயரிலேயே கயிறும் ஈரமானியும் இருக்கின்றன. மூச்சை ஊதி ஊதி அது சுழல்வதை லென்ஸில் ஒரு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் காரில் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

ஃப்யூனேரியா அங்கே குடியிருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் சாம்பலின் சத்து கரைந்து போனதும் மெல்லக் காணாமல் போய்விடும். அதற்குள் செரடோடான் வந்திருக்கும். சிவப்பும் ஊதாவுமான காம்புகள், தூரத்திலிருந்து பார்த்தால் தரை துருப்பிடித்த மாதிரி இருக்கும். அண்டார்டிகா வரைக்கும் போய் வாழ்கிற கட்டை உயிர் அது. அப்புறம் பாலிட்ரைக்கம், மெதுவாக நம் கல்பாசி வகையறாவான லைக்கன்கள். இந்தப் பாசி விரிப்பு எரிந்த பீட் காற்றில் பறக்காமலும் மழையில் அரிக்காமலும் பிடித்துவைக்கிறது. அதனால் பாசி நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது என்று உருக்கமாக எழுதிவிடலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். நான் அதை முழுசாக நம்புவதில்லை. விரிப்பு தடித்துவிட்டால் மேலே விழுகிற ஹெதர் விதை மண்ணைத் தொட முடியாமல் அங்கேயே காய்ந்து சாவதும் உண்டு.

முக்கியமாகக் கேம்பைலோபஸ். தென் அரைக்கோளத்துப் பாசி. பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டெடுத்தது 1941இல். இப்போது ஐரோப்பா முழுக்க இருக்கிறது. காய்ந்ததும் இலை நுனியின் வெள்ளை முடிகள் வெளிப்பக்கமாக மடங்கி நட்சத்திரம்போல விரியும், அழகாகத்தான் இருக்கும். நுனி ஒடிந்து காற்றில் போனாலே போதும், போன இடத்தில் முளைத்துக்கொள்ளும். எரிந்த தரை, உழுத தரை, மிதிபட்ட தரை எல்லாம் அதற்குப் பட்டா. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த ஒரு மரம் இதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அந்த மாமனாரிடம் சொன்னேன். அதை வெட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மூட்டம் போடுகிறோம் என்றேன். அதை விளக்கி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

சரி, சித்தப்பாவின் களத்துக்கு வருவோம்.

ஃப்யூனேரியா கிடைக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பழைய மூட்டம், புது மூட்டம், பக்கத்துக் களம் எல்லாம் பார்த்தாயிற்று. கிடைத்தது வேறு. சிவந்த தரை முழுக்க முதலில் வந்திருந்தது கரும்பச்சையில் ஒரு வழுவழுப்பு, அங்கங்கே ஜவ்வரிசிக் கூழ் கொட்டியதுபோல நடுங்கும் ஜெல்லி. அது நாஸ்டாக். நீலப்பச்சைப் பாசி வகை, செடிகூட இல்லை, பாக்டீரியாக் குடும்பம். வெயிலில் கறுத்த காகிதத் துணுக்கு மாதிரி மாதக்கணக்கில் கிடக்கும், மழை பட்டால் ஊதி எழுந்துவிடும். யோசித்துப் பார்த்தால் அது முதலில் வருவது பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. தீ சாம்பலில் மற்றச் சத்துகளை விட்டுவைக்கிறது, நைட்ரஜனைப் புகையோடு அனுப்பிவிடுகிறது. நாஸ்டாக்கோ காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தானே பிடித்துச் சமைத்துக்கொள்கிற ஆள்.

உண்மையான பாசியை மூன்றாவது தடவைதான் பார்த்தேன். தரையில் இல்லை. மூட்டத்தின் மேல் பூசி வெந்த மண் ஓடு உடைந்து கட்டி கட்டியாகக் கிடக்குமே, அதன் வடக்குப் பக்கத்து நிழலில், விரல் நகம் அகலத்துக்குப் பச்சை வெல்வெட். இலை அகன்று கரண்டிமாதிரி இருந்தது. நான் கொஞ்சம் எடுத்து மேசையில் வைத்தேன், மதியத்துக்குள் ஒவ்வொரு இலையும் உள்பக்கமாகச் சுருண்டு கொக்கியாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் விரிந்தது. ஹயோஃபிலா மாதிரி இருந்தது. கிணற்றுச் சுவரிலும் கோயில் மதிலிலும் செங்கல்லிலும் வருகிற நம் சமவெளிப் பாசி. அதற்கு மூட்டத்து வெந்த மண்ணும் இன்னொரு செங்கல்தான். தீயைத் தேடி அது வரவில்லை, சுவரைத் தேடி வந்திருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் ஃப்யூனேரியாவைக் குறை சொல்ல முடியாது. பாசிக்குக் கருத்தரிக்கவே தண்ணீர் வேண்டும். ஆண் அணு பெண் அணு இருக்கும் இடத்துக்கு நீந்தித்தான் போக வேண்டும், ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது இருந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்குக் குறைவில்லை, நான் இருந்த இரண்டு வருடத்தில் குடை காயவே இல்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகை, கொஞ்சம் மார்கழி. அவ்வளவுதான் மழைக்காலம். தை பிறந்தால் உப்புக் காற்று, மாசியில் தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் முளைத்து, வளர்ந்து, வித்து கட்டி உதிர்ப்பதற்கு நாள் எங்கே இருக்கிறது? ஹயோஃபிலா போன்றவை இலைக்கக்கத்தில், விழுந்த இடத்தில் முளைக்கிற குட்டி மொட்டுகளைக் கட்டி உதிர்த்தே பிழைத்துக்கொள்கின்றன. ஈரம் இருக்கும் வரை பச்சை, போனால் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும்.

தமிழ்நாட்டில் பாசி பார்க்கிறவர்கள் மலைக்குத்தான் போயிருக்கிறார்கள். செண்பகனூர் ஏசு சபைப் பாதிரியார் ஃபோரோ பழனிமலைப் பாசிகளைப் பட்டியல் போட்டார், 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. கொடைக்கானல் பக்கம் மரத்துக்கு மரம் பாசி தொங்கும்போது யார் கடலாடித் தாலுகாவுக்கு வந்து கரிமண்ணில் படுப்பார்கள்? நானே சொந்த ஊர் என்பதால் வந்தேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. களத்தின் விளிம்பில், சூடு எட்டாத இடத்தில், வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத் தூர்கள் எல்லாம் ஒரே மாதத்தில் முழங்கால் உயரத்துக்குத் துளிர்த்திருந்தன. தூரோடு தோண்டாமல் மேலே வெட்டினால் அந்த மரத்துக்கு அது முடிவெட்டு. அந்த ஹெதரும் இப்படித்தான். கொஞ்சம் தள்ளி ஒரு உடைமரம் குடை விரித்தபடி நின்றது, அதன் அடியில் மட்டும் ஆடு படுத்திருந்தது.

கடைசித் தடவை போனபோது சித்தப்பா அடுத்த மூட்டத்துக்குக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார், அதே வட்டத்தில். பத்தடி தள்ளிப் புதுத் தரை இருக்கிறதே, ஏன் இங்கேயே போடுகிறீர்கள் என்று கேட்டேன். பாசி வைத்திருந்த அந்த மண்கட்டி அவர் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"புதுத் தரை ஈரத்தக் கக்கிக்கிட்டே இருக்கும்டா, கரி மொதமொத சரியா வேகாது. இது வெந்து வெந்து பக்குவப்பட்ட தரை."

"இதுல பாசி வந்திருக்கு சித்தப்பா."

குனிந்து பார்த்தார். மண்கட்டியைக் கையில் எடுத்து, பச்சையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

"எத்தன நாளாச்சு இது வந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப தரையில இன்னும் ஈரம் நிக்கிது," என்று கட்டியை என்னிடம் நீட்டிவிட்டு, கட்டை இறக்குவதை நிறுத்தச் சொன்னார். "ஒரு வாரம் வெயில் காயட்டும். அப்புறம் அடுக்குவோம்."